சரளைமேட்டில் சொரசொரப்பு போன கதை

சரளைமேட்டில் வழவழப்புக்குத்தான் காசு, சொரசொரப்பை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் பட்டறைகளுக்கு வெறும் எஞ்சினும் சக்கரமுமாக வந்து சேரும் லாரிகள், பலகையும் தகரமும் அடித்து, பட்டி பூசி, பூசிய பட்டியைத் தேய்த்து, தேய்த்ததன் மேல் பெயின்ட் அடித்து, மயிலும் தாமரையும் எழுதி, முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க வெளியே கிளம்பும்போது, வண்டிக்காரர் பக்கப் பலகையை ஒரு தடவு தடவிவிட்டு "கண்ணாடியாட்ட இருக்குதுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் வெள்ளைத்தூள் படிய, விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை மிஷினைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குத் தலைவியாக இருந்தவள் பாவாயி.

மிஷின் பட்டறைக்காரர் வையாபுரியுடையது, கரண்டும் அவருடையது, மிஷினின் அடியில் ஒட்டுகிற உப்புத்தாள் டிஸ்க் மட்டும் தேய்க்கிறவர்கள் தங்கள் கூலியில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது யாரோ எப்போதோ போட்டுவைத்த வழக்கம். போட்டவன் நிச்சயம் தேய்க்கிறவன் இல்லை. ஆகையால் நல்ல டிஸ்க் வாய்த்த வாரம் வீட்டில் குழம்பு கெட்டியாக இருக்கும், மோசமான டிஸ்க் வாய்த்த வாரம் ரசத்தோடு போகும். இருப்பதிலேயே மலிவானதை வாங்கினால் ஒரு பலகை முடிவதற்குள் மேலே ஒட்டிய பொடிக்கல் உதிர்ந்து வெறும் காகிதம் சுற்றும். அதற்கு மேலே ஒரு படி வாங்கினால் சூட்டில் பிசின் இளகும், பட்டித்தூள் அடைத்துக்கொண்டு மொழுமொழுவென்று ஆகிவிடும். காகிதத்துக்குப் பதில் துணி முதுகு வைத்த நல்ல சரக்கை வாங்கலாம் என்றால் அது அவர்கள் கூலிக்கு எட்டாத உயரத்தில் தொங்கும். பாவாயி டிஸ்க்கைப் பாதியாக மடித்து விரிப்பாள், மடிப்பில் கல் வெடித்துக் கோடு விழுந்தால் வேண்டாம் என்பாள். ஓரத்தை நகத்தால் சுரண்டுவாள், கல் நகத்தோடு வந்தால் வேண்டாம் என்பாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், ஒரு பக்கம் அடர்த்தியும் ஒரு பக்கம் சொட்டையுமாகத் தெரிந்தால் வாய் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மற்றப் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

அவளுடைய புருசன் அத்தியப்பன் லாரி ஓட்டி வடநாடெல்லாம் பார்த்தவர். ஒரு மூளைக்காய்ச்சல் வந்து அவருடைய கண்ணையும் காதையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது, பேச்சை மட்டும் விட்டுவைத்தது. அதற்குப் பிறகு அவருக்கு உலகம் உள்ளங்கை வழியாகத்தான் வந்தது. மழை வருகிறது, கடலைக்காய் விலை இறங்கிவிட்டது, உங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று பாவாயி அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள்; மைல்கல்லைப் படித்துப் பழகிய மனுசன் என்பதால் எழுத்துக் கூட்டிப் புரிந்துகொள்வார். சாயங்காலம் வாசற்படியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பட்டறை விட்டுப் போகிற பெண்கள் எல்லோரும் அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள், "ராசம்மா, இன்னைக்கு வேலை அதிகமா", "கோகிலா, விரல் காயம் ஆறுச்சா" என்று ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு பேரைச் சொல்லுவார். கடைசியில் எல்லாக் கையையும்விட முரட்டுக் கை ஒன்று வந்து விழும். "வந்துட்டியா" என்பார். அந்தக் கை உருட்டித் தந்தால்தான் சோறு இறங்கும்.

இனி சத்தியத்துக்கு வருவோம். பட்டறை வரிசையின் கடைசியில், மீசையும் அரிவாளுமாக, சாலையைப் பார்த்து முனியப்பன் உட்கார்ந்திருந்தார். சரளைமேட்டில் டயர் விற்கிறவனும் பேட்டரி விற்கிறவனும் ஆயில் விற்கிறவனும் அவர் முன்னால் சூடம் ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பணத்தை வாங்க முடியும். ஆனால் அந்தச் சத்தியத்துக்கு ஓர் எல்லை வைப்பார்கள். இந்த டயர் ஒரு மழைக்காலம் தாங்கும், இந்த பேட்டரி அடுத்த ஆடிவரை கிடக்கும், அவ்வளவுதான். எல்லை இல்லாத வாக்கை சாமியிடம் வாங்கக்கூடாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பாவாயிக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கோபம். காலையில் ஒட்டிய டிஸ்க் ஓடுகிற மிஷினிலேயே கிழிந்து பறந்து ராசம்மாவின் கன்னத்தைக் கீறியிருந்தது. அந்த நேரம் பார்த்து மொபெட்டில் இரண்டு சாக்கு டிஸ்க்கைக் கட்டிக்கொண்டு நாச்சிமுத்து வந்து நின்றான். ஊர் ஊராகப் போய் விற்காத சரக்கு அது.

"அக்கா, துணி முதுகுங்க. வெலை காகித டிஸ்க் வெலைதான்."

"வெலை கம்மின்னா கல்லும் கம்மியாத்தான் இருக்கும்."

"மடிச்சுப் பாருங்க, சொரண்டிப் பாருங்க, அப்பறம் பேசுங்க."

மடித்தாள், கோடு விழவில்லை. சுரண்டினாள், நகம்தான் தேய்ந்தது. "எத்தன வண்டிக்கு வரும்?" என்று கேட்டாள்.

"அது நீங்க தேய்க்கறதப் பொறுத்துதுங்க."

"எல்லாப் பயலும் இதையேதான் சொல்றீங்க. ராசம்மா மூஞ்சியப் பாரு. வண்டிக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். தேயவே தேயாதுன்னு முனியப்பன் முன்னால சூடம் அணைக்கறயா?"

"தேயாத பொருள் ஏதுங்கக்கா ஒலகத்துல?"

"அப்ப மூட்டையக் கட்டு."

நாச்சிமுத்து சாக்கைப் பார்த்தான், மொபெட்டைப் பார்த்தான், வீட்டை நினைத்தான், பிறகு சூடத்தை ஏற்றினான். பூசாரி இருந்திருந்தால் தடுத்திருப்பார், அவர் சந்தைக்குப் போயிருந்தார். "சாமி சாட்சியா இந்த டிஸ்க் தேயாதுங்க" என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினான். "ஊரு கேட்டுதா?" என்றாள் பாவாயி. வையாபுரியும் பெயின்டர்களும் ஆசாரிகளும் பெண்களும் ஒரே குரலில் "கேட்டுது" என்றார்கள்.

டிஸ்க் தேயவில்லை. ஒரு வண்டி தேய்த்தார்கள், பத்து வண்டி தேய்த்தார்கள், ஆணித் தலையில் ஏற்றினார்கள், பழைய பெயின்ட்டைச் சுரண்டினார்கள், தண்ணீரில் போட்டு எடுத்தார்கள், முதல் நாள் இருந்த கல் முதல் நாள் மாதிரியே நின்றது. எல்லாப் பட்டறையும் நாச்சிமுத்துவின் சரக்கையே வாங்கியது, டிஸ்க்குக்குப் போன கூலி வீட்டுக்கு வந்தது, ராசம்மா மகளுக்குக் கொலுசு எடுத்தாள், குழம்பு கெட்டியானது.

முதலில் போனது தீப்பெட்டியின் பக்கவாட்டு மருந்து. குச்சி வழுக்கிக்கொண்டு போனது, பற்றவில்லை. பிறகு அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்திய குழி இல்லாமல் மொழுங்கிப் போயின, அரிசி போட்டது போட்டபடி சுற்றி வந்தது. பிறகு ஆசாரிகளின் அரம், தேங்காய்த் துருவி, பாகற்காயின் தோல், மாட்டின் நாக்கு, பனைமரத்தின் உடம்பு, பல்லியின் கால், பலசரக்குக் கடைக்காரரின் மூன்று நாள் தாடி என்று ஒவ்வொன்றாக வழவழப்பாயின. மரத்திலிருந்து பல்லிகளும் எறும்புகளும் வழுக்கி விழுந்தன, கயிற்றில் போட்ட முடிச்சு நிற்காமல் அவிழ்ந்தது, சாலை எண்ணெய் தேய்த்தது போல் மின்னியது, ஏல மண்டிக்காரரின் கரகரத்த குரல்கூடத் தேனாக ஒழுகியதால் விலை கேட்க வந்தவர்கள் தூங்கி வழிந்தார்கள்.

ஊர் போய்க் காரணம் கேட்டபோது பூசாரி சத்தியத்தைப் பற்றி விசாரித்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமி வாக்கக் காப்பாத்தோணுமில்ல? டிஸ்க்கு தேயக்கூடாதுன்னா அதுக்குண்டான கல்லு எங்கிருந்தாச்சும் வந்தாகோணும். ஊர்ல இருந்து எடுத்து அதுல வெக்கறாரு" என்றார். எல்லோரும் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டார்களே தவிர, ஒருவரும் மிஷினை நிறுத்தவில்லை.

மனுசன் எதற்கும் பழகிக்கொள்வான், சரளைமேட்டுக்காரன் கூலி கிடைத்தால் இன்னும் சீக்கிரம் பழகிக்கொள்வான். பக்கத்து ஊரில் நெருப்பு வாங்கித் தூக்குச்சட்டியில் கங்காகக் கொண்டுவந்தார்கள். மாவைப் பக்கத்து ஊரில் ஆட்டினார்கள். காலடியில் புளிக்கரைசல் பூசிக்கொண்டு நடந்தார்கள். தாலி முடிச்சை அரக்கு வைத்து ஒட்டினார்கள். லாரிகளைச் சாலையில் ஓட்டாமல் முன்னால் நாலு பேர் பின்னால் நாலு பேர் கயிறு பிடித்து ஊர் எல்லை வரை இறக்கிவிட்டார்கள். குதிகால் வெடிப்பு ஆறியவர்கள் சாமியைக் கும்பிட்டார்கள். சண்டை குறைந்தது, ஏனென்றால் ஏசுகிற ஏச்சு எதிராளி மேல் ஒட்டாமல் வழுக்கி விழுந்துவிட்டது. தடவிப் பார்க்கிற வண்டிக்காரர்கள் "கண்ணாடிகூட இப்படி இருக்காதுங்க" என்று சொல்ல, வையாபுரி பக்கத்துக் காட்டை வாங்கிப் பட்டறையைப் பெரிதாக்கினார்.

கடைசியாக அந்த வழவழப்பு கைகளுக்கு வந்தது. காய்ப்பும் தழும்பும் விரல்ரேகையும் ஒரு ராத்திரியில் கரைந்து, பாவாயி காலையில் எழுந்து தன் கையைப் பார்த்தபோது அது பிறந்த பிள்ளையின் கை மாதிரி இருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சோற்றைப் பிசைந்து கொண்டுபோய்ப் புருசன் கையைத் தொட்டாள்.

அத்தியப்பன் கையை உதறிக்கொண்டார். "ஆரு அம்மிணி நீ?" என்றார்.

அவள் அவர் உள்ளங்கையில் பாவாயி என்று எழுதினாள். "பேரு எழுதுனா ஆச்சா? எம் பொண்டாட்டி கை எனக்குத் தெரியாதா? அவ எங்க?" என்றார். அவள் மறுபடி எழுதினாள். அவர் தட்டை வீசினார். அவள் அவர் கையைத் தன் முகத்தில் வைத்தாள், மூக்கையும் கன்னத்தையும் தடவிக் காட்டினாள், வழவழத்த ஊரில் முகமும் வழவழப்பாகத்தான் இருந்தது. முடியை முகரக் கொடுத்தாள், அதில் எல்லோர் முடியிலும் அடிக்கும் பட்டித்தூள் வாசம்தான் அடித்தது. "பொம்பளயாளு இல்லாத வீட்ல வந்து வெளையாடாத, தாயி. அவ வந்தா உனக்கும் திட்டு, எனக்கும் திட்டு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்தச் சோறு காய்ந்து போனது.

அவர் பட்டினி கிடந்தார். வேறு வழி இல்லாமல் பாவாயி அவர் கையில் இப்படி எழுதினாள்: பாவாயி ஊருக்குப் போயிருக்கிறாள், என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு மோரை மட்டும் வாங்கிக் குடித்தார். சோறு அவள் வந்து தரட்டும் என்றார். நாளுக்கு நாள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது, இடுப்பு வேட்டி நிற்கவில்லை, அவள் மோரில் கஞ்சியைக் கரைத்துக் கொடுத்தால் வாயில் வைத்ததும் கண்டுபிடித்துத் துப்பினார். இந்த மனுசன் கண்ணெதிரே பசியில் போய்விடுவார், நான் பக்கத்திலேயே இருந்தும் போய்விடுவார் என்று பாவாயி பயந்தாள். வாய்விட்டு அழுதாள், அதைக் கேட்கிற காது அவருக்கு இல்லை.

வேற்றுப் பெண் என்று நினைத்ததால் அவர் பேசினார். மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கூலிக்கு வந்தவளிடம் பொழுது போகப் பேசுகிற மாதிரிப் பேசினார். "அவ கை இருக்குதே, அது கையே இல்ல அம்மிணி, எண்பதாம் நம்பர் உப்புத்தாளு. முதுகு தேச்சு உட்டான்னா தோலு வந்துரும். மாட்டுக்குத் தேய்க்கற கைன்னு நானே ஏசியிருக்கறேன். ஆனா ஒண்ணு. நாக்பூர்ல இருந்து நிக்காம ஓட்டிட்டு வந்து வீட்ல படுத்தாலும், படுத்த பொறகுங்கூட உடம்புக்குள்ள வண்டி ஓடிட்டே இருக்கும். அவ வந்து அந்தக் கைய முதுகுல வெப்பா. அப்பத்தான் வண்டி நிக்கும். இத அவகிட்டச் சொன்னதில்ல. சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவா." பாவாயி அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழவழத்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது, அதுவும் வேறொருத்திக்குச் சொல்லப்பட்டது.

மறுநாள் பூசாரியிடம் போனாள். "வாக்கு கேட்டவளே திருப்பிக் குடுத்தா சாமி வாங்கிக்கும். ஆனா நீ மட்டும் பத்தாது பாவாயி. கேட்டுதுன்னு சொன்ன வாய் எல்லாம் வந்து தேயட்டும்னு சொல்லோணும்" என்றார் பூசாரி.

நாச்சிமுத்துவை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். ஊரும் கூடியது, ஆனால் ஊருக்கு மனசில்லை. வையாபுரி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பாவாயக்கா, உங்க கஷ்டம் புரியுதுங்க. ஒரு ஆளுக்கோசரம் ஊரே பழையபடி டிஸ்க்குக்குக் கொட்டி அழோணுமா?"

"டிஸ்க்குக்கு நீங்க எப்பங்க கொட்டி அழுதீங்க?" என்றாள் பாவாயி. அந்த ஏச்சும் அவர் மேல் ஒட்டாமல் வழுக்கியது.

ராசம்மாவே தலையைக் குனிந்துகொண்டாள். "எம் பொண்ணு இந்த வருசந்தான் பள்ளிக்கொடத்துக்கு செருப்புப் போட்டுட்டுப் போறாக்கா" என்றாள். பாவாயிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தானும் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். கூட்டம் ஒன்றும் முடிவு செய்யாமல் கலைந்தது.

கலைந்த பெண்கள் வழக்கப்படி பாவாயி வீட்டு வழியாகப் போனார்கள். அத்தியப்பன் எலும்பும் தோலுமாக, வழக்கம் போல் கையை நீட்டிக்கொண்டு வாசற்படியில் இருந்தார். கைகள் வழவழத்த நாள் முதலாக அந்தப் பெண்கள் வெட்கத்தில் அவரைத் தொடாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராசம்மாவுக்கு மனசு கேட்காமல் கையைத் தொட்டாள். அவர் தடவிப் பார்த்தார். "மோர் குடுக்கற பொண்ணா?" என்றார். பின்னால் கோகிலா தொட்டாள். "இப்பத்தான தொட்ட, மறுபடி எதுக்கு?" என்றார். அதற்குப் பின்னால் வந்தவளும், அதற்கும் பின்னால் வந்தவளும், வேடிக்கை பார்க்க வந்த பெயின்டரும், கடைசியில் வையாபுரியும் தொட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அவர் அதே பெண்தான் திரும்பத் திரும்பக் கையைக் கொடுக்கிறாள் என்று நினைத்தார். கடைசியாக வந்த கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தாயி, உன்னையக் கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இந்த ஊர்ல இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க? ஏதாச்சும் நோவு வந்து செத்துட்டாங்களா? ராசம்மா, கோகிலா, வையாபுரி எல்லாம் இல்லையா? நீ ஒருத்திதான் மிச்சமா?"

ராசம்மா தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள், அது யாருடைய கையாகவும் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பாவாயி எதுவும் கேட்காமலே அவர்கள் எல்லோரும் திரும்பி, புளிக்கரைசல் பூசிய காலோடு வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, முனியப்பன் முன்னால் போய் நின்றார்கள்.

தூக்குச்சட்டிக் கங்கிலிருந்து நாச்சிமுத்து சூடத்தை ஏற்றினான். பாவாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி, கோவத்துல கேட்டுட்டேன். தேயாத பொருள் எனக்கு வேண்டாம். தேயட்டும்" என்றாள். "தேயட்டும்" என்றது ஊர். வையாபுரி கொஞ்சம் பிந்திச் சொன்னார், ஆனால் சொன்னார். இந்தத் தடவை சூடத்தை யாரும் அணைக்கவில்லை, அது தானாக எரிந்து தானாகத் தீர்ந்தது. பட்டறைக்குப் போய்ப் பார்த்தபோது எல்லா மிஷினிலும் டிஸ்க் மொட்டைத் துணியாக இருந்தது.

அம்மிக்குக் கொத்து வந்தது, தீப்பெட்டி பற்றியது, மாட்டு நாக்கு சொரசொரத்தது, மண்டிக்காரர் கரகரத்தார், ராசம்மாவும் கோகிலாவும் நீண்ட நாள் ஆசையைத் தீர்த்துக்கொள்கிற மாதிரி ஒரு நல்ல சண்டை போட்டார்கள். டிஸ்க் செலவைப் பட்டறையே பாதி ஏற்றுக்கொள்ளட்டும் என்று பெண்கள் கேட்டபோது, பார்க்கலாம் என்றார் வையாபுரி. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நாச்சிமுத்து புதுச் சரக்கோடு வந்தால் பாவாயி மடித்து, சுரண்டி, வெயிலில் பார்த்துவிட்டு, "ரெண்டு வண்டிக்கு வரும்னு சொல்லு, போதும்" என்பாள்.

ஆனால் கை திரும்பவில்லை. கல்லுக்கும் மரத்துக்கும் அவற்றின் பிறவிச் சொரசொரப்பை சாமி திருப்பிக் கொடுத்தார், கைக்கு அது பிறவியில் வந்ததில்லை, உழைத்துச் சேர்த்தது, அதை யார் எங்கிருந்து எடுத்துக் கொடுக்க முடியும் என்றார் பூசாரி. பாவாயி மிஷினை ஒதுக்கி வைத்தாள். இருப்பதிலேயே முரட்டு உப்புத்தாளை வாங்கி வெறுங்கையால் பலகை தேய்த்தாள். கொப்புளம் வந்தது, உடைந்தது, உடைந்த கையோடேயே தேய்த்தாள். மற்றப் பெண்கள் தங்கள் பங்கிலிருந்து முள்ளும் செதிலுமான பலகையை எல்லாம் அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள். வீட்டில் காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு மோர் கொடுத்தாள். அத்தியப்பன் செம்பைத் தூக்கவும் வலுவில்லாமல் இருந்தார், அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பாவாயி கிளம்பிவிட்டாள் என்று அவர் கையில் எழுதினாள்.

காய்ப்புக் கட்டிய அன்றைக்கு, பட்டறை விடுகிற பொழுதில், துணியை அவிழ்த்துவிட்டு வந்து அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

அத்தியப்பன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார். திருப்பினார், உள்ளங்கையைத் தடவினார், கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. "வந்துட்டியா. இத்தன நாளு எங்கடி போன?" என்று திட்டினார். அவள் சோற்றை உருட்டித் தந்தாள், அவர் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்றார். தட்டுக் காலியாகி, கை கழுவி, முதுகைத் தடவச் சொல்லித் திரும்பி உட்கார்ந்த பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"ஒரு பொண்ண உட்டுட்டுப் போயிருந்தியே, கை வழவழன்னு, வேல செஞ்சே அறியாத கை. நல்ல பொண்ணு பாவாயி. தட்ட வீசினேன், ஒரு வார்த்த கோவிக்கல. அதுக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்து உடு." கையைப் பின்பக்கமாக நீட்டினார். "அதுகிட்ட நான் என்னென்னமோ பேசிட்டேன். பொழுது போகல, அதுதான். எதாச்சும் உங்கிட்டச் சொல்லுச்சா?"

பின்பக்கமாக நீட்டிய அவருடைய கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, நிதானமாக, பாவாயி எழுதினாள்: இல்லை.